கல்பாதைக்கு ஒரு சைக்கிள்

வடக்கு பிரான்சின் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயம் 1896இல் தொடங்கியது. சுமார் 260 கிலோமீட்டரில் 55 கிலோமீட்டர் போலக் கல் பாவிய பழைய பாதை. வென்றவருக்குத் தரும் பரிசும் ஒரு பாவுகல்தான். கரடுமுரடான சாலைக்கு ரோடு பைக் வாங்குகிறவர் அங்கே ஓடும் வண்டிகளை ஒருமுறை உற்றுப் பார்க்கலாம்.

1992இலும் 1993இலும் ஜில்பேர் டுக்லோ-லசால் முன்ஃபோர்க்கில் ஷாக் அப்சார்பர் பூட்டிய சைக்கிளில் வென்றார். ஆனாலும் அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. டயரை அகலமாக்கும் எளிய வழிதான் நிலைத்தது. 25 மி.மீ.யை ஒட்டியிருந்த டயர் இன்று 30, 32 மி.மீ. ஆகிவிட்டது. அகல டயரில் காற்றைக் குறைத்து அடிக்கலாம். சக்கரம் கல்லுக்குக் கல் துள்ளாமல் தரையோடு ஒட்டி உருளும். துள்ளலில் வீணாகிற பலம் மிச்சமாவதால் வேகமும் கெடாது.

கடையில் முதலில் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே உள்ள இடத்தைப் பாருங்கள். டிஸ்க் பிரேக் வண்டிகளில் அது பெரும்பாலும் தாராளம். இரு சக்கர அச்சுகளுக்கும் நடுவே நீளம் சற்றுக் கூடுதலாக இருந்தால் ஹேண்டில்பார் பள்ளங்களில் சட்டென்று திரும்பாது. எடையில் சில நூறு கிராம் ஏறினால் ஏறட்டும்.

இப்படி அமைந்த வண்டி பந்தயக்குதிரை மாதிரி ஒடிசலாக இருக்காது. எனக்கென்னவோ அந்தப் பருத்த டயர்தான் அழகு.