எள்ளலின் இரு முகங்கள்: தொலைக்காட்சி நகைச்சுவையும் ராகலைப் பார்வையாளரும்

எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்த தொல்காப்பியர், அது தோன்றும் நான்கு நிலைக்களன்களுள் எள்ளலை முதலிற் கூறினார். எள்ளல் என்பதற்குத் தான் பிறரை எள்ளி நகுவதும், பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்து நகுவதும் என இருவகைப் பொருள் கண்டார் பேராசிரியர். உரையாசிரியர் காட்டிய இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடத்தக்கதன்று. இன்றைய தொலைக்காட்சி நகைச்சுவையை, அதிலும் ராகலை போன்றதொரு தோட்டப்புறத்திலிருந்து அதனைக் காண்பவரின் சிரிப்பை ஆராய்வதற்கு, இதனினும் பொருத்தமான அளவுகோல் கிடைப்பது அரிது.

ராகலையைச் சூழ்ந்த தோட்டங்களில் நடுவயதைக் கடந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "இப்ப வாறதெல்லாம் ஒரு காமெடியா?" என்ற கேள்வியே பெரும்பாலும் விடையாக வரும். இதனை முதுமையின் முணுமுணுப்பு என ஒதுக்கிவிடலாகாது. அவ்வாறே முழுமையாக ஏற்றுக்கொள்ளவும் இயலாது. 1982 இல் ரூபவாஹினி தொடங்கிய பின்னரும் லயங்களுக்குத் தொலைக்காட்சி மெல்லவே வந்து சேர்ந்தது. தீபாவளி நாட்களில் தொலைக்காட்சிப் பெட்டியையும் 'டெக்'கையும் வாடகைக்கு எடுத்து, யாரேனும் ஒருவர் வீட்டு இஸ்தோப்பில் வைத்து, லயமே கூடியிருந்து விடிய விடியப் படம் பார்த்த காலம் அது. ஒருவர் சிரிக்கத் தொடங்கினால் மற்றவருக்கு வசனம் கேளாது. கேளாத வசனத்தை மறுநாள் மலையிற் கொழுந்து பறிக்கும்போது இன்னொருவர் நடித்துக் காட்டுவார். அன்றைய நகைச்சுவை உயர்ந்ததென்று கூறுவோர் நினைவுகூர்வது நகைச்சுவையை மட்டுமன்று, அந்தக் கூட்டத்தையுந்தான்.

அக்காலத்து நகைச்சுவையின் தரமும் ஒரே சீரானதன்று. கவுண்டமணி–செந்தில் இணையின் காட்சிகளிற் பெரும்பகுதி, அதிகாரம் உள்ளவன் இல்லாதவனை உதைப்பதும், அவனது உடலையும் நிறத்தையும் இழிப்பதுமாகவே அமைந்தது. உதைபடுபவனின் நிலைக்கு நெருங்கிய வாழ்வை உடைய தோட்டத் தொழிலாளி, உதைப்பவனோடு சேர்ந்து சிரித்தான். ஆயினும் 1989 இல் வெளிவந்த கரகாட்டக்காரன் படத்தின் வாழைப்பழக் காட்சி வேறுவகையானது. இரண்டு பழம் வாங்கி வரச் சென்றவன் ஒன்றைத் தின்றுவிட்டு, மற்றையது எங்கே என்று கேட்கப்படும்போது, எஞ்சியிருக்கும் பழத்தையே மற்றையதாகக் காட்டுகிறான். இங்கே எளியவனின் கணக்கு வலியவனைப் பைத்தியமாக்குகிறது. கொழுந்து மடுவத்தில் தராசின் முன் நின்று, ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கிலோக் கணக்கிற் கழிக்கப்படுவதைப் பார்த்து நிற்கும் ஒரு பெண்ணுக்கு அக்காட்சி தரும் நகை எத்தகையது? மடுவத்திலும் அதே கணக்குத்தான் நடைபெறுகிறது. ஆனால் அங்கே பழத்தைத் தின்பவன் வேறு. திரையிலாவது கணக்குத் தலைகீழாகிறது என்பதில் உள்ள இன்பம் சாதாரணமானதன்று. எத்தனை முறை பார்த்தும் அக்காட்சி சலிக்காமைக்கு நடிப்புத்திறன் மட்டும் காரணமெனக் கூறுதல் போதாது.

துண்டு துண்டாகப் பார்க்கும் பழக்கத்தைக் கைப்பேசி கொண்டுவந்தது என்பர். இது வரலாற்றுக்கு ஒத்ததன்று. திரைப்படங்களிலிருந்து நகைச்சுவைக் காட்சிகளை மட்டும் வெட்டியெடுத்து நாள் முழுவதும் காட்டும் ஆதித்யா, சிரிப்பொலி ஆகிய அலைவரிசைகள் தோட்டத்துக் கூரைகளின் 'டிஷ்' வழியாக வந்தபோதே, கதையினின்றும் சிரிப்பு பிரிக்கப்பட்டுவிட்டது. கைப்பேசி அதனைத் தனியொருவரின் உள்ளங்கைக்குள் அடக்கியது, அவ்வளவே. 2000களில் விஜய் தொலைக்காட்சியில் வந்த லொள்ளு சபா இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. புகழ்பெற்ற திரைப்படங்களைக் கேலியாக மீள நடித்த அந்நிகழ்ச்சி, பார்ப்பவர் மூலப்படத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறார் என்ற நம்பிக்கையில் இயங்கியது. எள்ளப்பட்டவர்களும் உச்சியிலிருந்த கதாநாயகர்களே. கூட்டு நினைவின் மேற் கட்டப்பட்ட எள்ளல் அது. கலக்கப்போவது யாரு போன்ற மேடைகளிலோ, நகைச்சுவையாளரைவிட நடுவர்கள் சிரிப்பதையே ஒளிப்படக்கருவி அதிகமாகத் தேடியது. 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சி பதிவுசெய்த சிரிப்பொலியைத் தொடர்களிற் சேர்த்த உபாயத்திற்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே. பக்கத்து வீட்டுக்காரர் இருந்த இடத்தில் இன்று நடுவர் இருக்கிறார்.

2016 இல் நெட்பிளிக்ஸ் இலங்கைக்கு வந்தது. சந்தா செலுத்திப் பார்க்கும் இத்தகைய சேவைகள் தோட்டத்து லயங்களிற் பரவலாகக் காலூன்றியதாகக் கூறமுடியாது. எனினும் அவற்றின் இயல்பு அறியத்தக்கது. 2021 இல் அமேசன் பிரைம் வெளியிட்ட எங்க சிரி பார்ப்போம் என்ற நிகழ்ச்சியில், நகைச்சுவையாளர் பதின்மர் ஆறு மணி நேரம் ஒரே இடத்தில் அடைக்கப்பட்டனர். சிரித்தவர் வெளியேற வேண்டும். அவ்வாண்டு ஏப்ரலில் மறைந்த விவேக், சிவாவுடன் சேர்ந்து அதனை நடத்தியிருந்தார். சிரிப்பைக் குற்றமாக்கும் இவ்விளையாட்டு, தனியே அமர்ந்து முகம் மாறாமல் ஒரு காணொளியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் பார்வையாளரின் பிரதிமையாகவே தோன்றுகிறது. ராகலையின் இளைஞனும் அவ்வாறே பார்க்கிறான். 'டேட்டா' தீரும்வரை, அல்லது மறுநாள் வேலை நினைவுக்கு வரும்வரை.

ஆயினும் பழியைக் கருவியின் மேற் சுமத்துவது எளிய வழி. தொலைக்காட்சியில் அதிகம் இடம்பெறாத கொங்குப் பேச்சையும் குடும்பச் சூழலையும் நக்கலைட்ஸ் குழுவினர் யூடியூப் வாயிலாகவே பெரும் பார்வையாளரிடம் கொண்டுசென்றனர். வட்டாரத் தமிழே அவர்களது மூலதனம். இலங்கைக்கும் இது புதிதன்று. வானொலியிற் புகழ்பெற்று 1976 இற் படமாகவும் வந்த கோமாளிகள், மரிக்கார், உபாலி, அப்புக்குட்டி, ஐயர் என நால்வரின் வெவ்வேறு பேச்சுமுறைகளை மோதவிட்டே நகையை விளைவித்தது. அந்நால்வருள் ஒருவரேனும் மலையகத் தமிழ் பேசவில்லை என்பது கவனத்திற் கொள்ளத்தக்கது. எள்ளப்படுவதற்குக்கூட அம்மொழிக்கு அங்கே இடமிருக்கவில்லை.

இத்தனைக்கும் இம்மக்கள் எள்ளத் தெரியாதவர்களல்லர். சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய நாட்டார் பாடல்களிற் கங்காணியும் அவனது கெடுபிடியும் படும் பாடு சிறிதன்று. அன்று மலையிலே பாடியவர்கள் தம்மை ஆண்டவர்களைத் தமது சொற்களாலேயே எள்ளினர். இன்று மலையக இளைஞர் சிலர் கைப்பேசியில் தாமே நகைச்சுவைத் துண்டுகள் எடுத்து வெளியிடுகின்றனர், முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆனால் அவற்றிற் பலவற்றில், பின்னணியில் தேயிலைச் செடியும் லயத்தின் தகரக் கூரையும் தெரிய, முன்னே நிற்பவர்கள் வடிவேலுவின் மதுரைத் தமிழையோ சென்னைத் தமிழையோ பேசுகின்றனர். பெரட்டு, மட்டம், காம்பரா என்று வீட்டில் வழங்கும் சொற்கள் கருவியின் முன் வந்ததும் வாயினின்று மறைந்துவிடுகின்றன. கொழுந்து மடுவத்துத் தராசை ஒருவரும் இன்னும் படமெடுத்ததாகத் தெரியவில்லை.