ஒட்டாகான்: ஊதியமில்லா உழைப்பின் உயரமும் எல்லையும்

பென்சில்வேனியாவில் ஸ்டேட் காலேஜ் என்றொரு பல்கலைக்கழக ஊர். 1994 கோடையில் அங்குள்ள ஒரு விடுதியில் ஜப்பானிய அசைவூட்டப் படைப்புகளான அனிமேமீது பித்துக்கொண்ட சுமார் 350 பேர் கூடினார்கள். பெரிய நிறுவனமோ தொலைக்காட்சியோ அவர்களை அழைக்கவில்லை. ரசிகர்கள் தாங்களே திட்டமிட்டு, தாங்களே நடத்திய அந்தக் கூட்டம்தான் ஒட்டாகான். அமெரிக்கக் கிழக்குக் கரையின் மிகப் பெரிய அனிமே மாநாடுகளுள் ஒன்றாக அது வளர்ந்த பிறகும் நடத்துபவர்கள் ரசிகர்களே. அவர்களில் எவருக்கும் சம்பளம் கிடையாது.

இந்த முறை எவ்வளவு தூரம் சரி, எங்கே சறுக்குகிறது என்று பார்க்க, அது பிறந்த காலத்தைச் சற்று நினைவுகூர வேண்டும். அன்று அமெரிக்காவில் அனிமே பார்ப்பதே பெரும்பாடு. இரண்டே அத்தியாயங்கள் கொண்ட வீடியோ கேசட் ஒன்று 30 டாலரை எட்டும். அதிகாரபூர்வமாக வெளிவராத தொடர்களுக்கு ரசிகர்களே வீட்டுக் கணினியில் ஆங்கில வசனம் ஏற்றி, படியெடுத்துத் தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். படிக்குப் படி நிறம் மங்கும், ஒலி கரகரக்கும். அப்படிப்பட்ட நாளில், இருட்டிய அறையில் நல்ல திரையில் நாள் முழுக்க அனிமே ஓடுகிறது என்பதே பல நூறு மைல் காரோட்டி வரப் போதுமான காரணம்.

1996இல் மாநாடு மேரிலாந்தின் ஹன்ட் வேலிக்குப் போனது. அடுத்த இரண்டு ஆண்டுகள் வாஷிங்டனை ஒட்டிய கிரிஸ்டல் சிட்டி. 1999இல் பால்டிமோர் மாநாட்டு மையம். இதற்குள் 'செய்லர் மூன்', 'டிராகன் பால்', 'போக்கிமான்' எல்லாம் அமெரிக்க வீடுகளின் தொலைக்காட்சிக்கு வந்துவிட்டன. பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் புதிய ரசிகர்களானார்கள். விடுதிகளின் கூடங்கள் இனி கொள்ளாது என்ற நிலை.

ஒட்டாகார்ப் என்ற இலாப நோக்கற்ற அமைப்புதான் மாநாட்டின் உரிமையாளர். ஆசியப் பண்பாட்டை, குறிப்பாக அதன் ஊடகங்கள் வழியாக, அறிமுகப்படுத்துவது அதன் நோக்கம். விருந்தினருக்கு விசா ஏற்பாடு, மொழிபெயர்ப்பாளர், விடுதிகளோடு பேரம், கூட்டத்தை வரிசைப்படுத்துவது, தீயணைப்பு விதிகள் என்று மூன்று நாள் நிகழ்வுக்கு ஆண்டு முழுதும் வேலை இருக்கிறது. அத்தனையையும் வேறு பிழைப்பு உள்ளவர்கள் மாலை நேரத்திலும் விடுமுறையிலும் செய்கிறார்கள்.

இதன் பலம் என்ன என்று கேட்பவர்களுக்கு 2004ஆம் ஆண்டைக் காட்டலாம். ஜப்பானின் முன்னணி ராக் குழுவான லார்க் ஆன் சியெல் வட அமெரிக்காவில் முதன்முதலாக மேடையேறியது அந்த ஜூலையில், பால்டிமோர் உள்ளரங்கில், ஒட்டாகான் ரசிகர்கள் முன்னால். ஏறத்தாழ 12,000 பேர் கேட்டார்கள். 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' தொடரின் தொடக்கப் பாடல் ஒன்றைப் பாடிய குழு அது. அமெரிக்க வானொலி அவர்களைக் கண்டுகொள்ளாத காலத்தில், தொடரின் வழியாகப் பாட்டை நெஞ்சில் ஏற்றிக்கொண்ட கூட்டம் ஒன்று இங்கே காத்திருக்கிறது என்பது ரசிகர்களுக்குத் தெரிந்திருந்தது. அதே குழு நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பாடியது 2012இல். வணிக உலகம் எட்டு ஆண்டுகள் கழித்து எட்டிய இடத்தைச் சம்பளமில்லாத தொண்டர்கள் முன்பே கணித்தார்கள். ரசனையோடு இருப்பவர்களிடம் முடிவெடுக்கும் உரிமை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு அவர்கள் எடுத்த முடிவு அதைவிட மதிக்கத்தக்கது. 2005இல் 22,000 பேருக்கு மேல் அனுமதி இல்லை என்று கதவை அடைத்தார்கள். கட்டணம் கட்டத் தயாராக ஆட்கள் இருக்கும்போது வருமானத்தை வேண்டாம் என்று சொல்ல, பங்குதாரருக்குப் பதில் சொல்ல வேண்டிய எந்த நிறுவனமும் தயங்கும். நடைவழியில் நகர முடியாமல் நெரிபடுவது தம் நண்பர்கள் என்ற எண்ணம் அமைப்பாளர்களுக்கு இருந்திருக்க வேண்டும்.

நிகழ்ச்சிகளிலும் இந்தக் குணம் தெரியும். கருத்தரங்குகளில் பெரும்பகுதி பார்வையாளர்களே முன்மொழிந்து நடத்துபவை. தொடரின் பாத்திரத்தைப்போலத் தானே தைத்த காஸ்ப்ளே உடையோடு வரும் ஒருவர் அடுத்த அறையில் பழைய ரோபோ தொடர்களைப் பற்றி ஒரு மணி நேரம் விரிவுரை நிகழ்த்தலாம். விளம்பரத்துக்கு வரும் நிறுவன மேடைகளில் கிடைக்காத ஆழமும் கிறுக்குத்தனமும் அங்கே கிடைக்கும்.

குறைகளும் அதே வேரிலிருந்துதான் முளைக்கின்றன. ஆண்டு முழுதும் கூலியின்றி உழைக்க யாரால் முடியும்? நிலையான வேலையும் விடுப்பும் உள்ளவரால் முடியும். இரண்டு வேலை பார்த்து வீட்டைத் தாங்குபவரால், கைக்குழந்தை வைத்திருப்பவரால் முடிவது கடினம். எல்லாருக்கும் திறந்த கதவு என்றாலும், பொறுப்பான நாற்காலிகளில் உட்காருவோரை வசதி வடிகட்டிவிடுகிறது. களைத்துப்போன ஒருவர் விலகும்போது அவர் பல ஆண்டுகளில் கற்றதும் அவரோடு போய்விடும்.

லாஸ் வேகாஸ் முயற்சி இன்னொரு எல்லையைக் காட்டியது. 2014 ஜனவரியில் அங்கே ஒட்டாகானின் கிளை தொடங்கியது. 2018க்குப் பிறகு அது இல்லை. பெயரை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகலாம். பால்டிமோரைச் சுற்றிய ஊர்களில் பல ஆண்டுகள் ஒன்றாக வேலை செய்து பழகிய தொண்டர் கூட்டத்தை அப்படிக் கொண்டுபோக முடியாது. வட்டார மாநாட்டின் உயிர் அந்த வட்டாரத்து மனிதர்களிடம் இருக்கிறது.

பால்டிமோரையே விட்டு வந்தது நெஞ்சை வருத்தும் அத்தியாயம். கோடை வெயிலில் துறைமுகக் கரையெங்கும் வாளும் வண்ண முடியுமாக இளைஞர்கள் நடப்பதை அந்த நகரம் ரசிக்கப் பழகியிருந்தது. 2013இல் வருகை 34,000ஐத் தாண்டியது. கட்டடம் பழசு, இடம் போதவில்லை, விரிவாக்கமோ பேச்சோடு நின்றது. 2017இல் மாநாடு வாஷிங்டனின் வால்டர் ஈ. வாஷிங்டன் மையத்துக்குக் குடிபெயர்ந்தது. அந்த முதல் ஆண்டில் கூட்டம் 25,000ஐ ஒட்டிக் குறைந்தது. 18 ஆண்டுகள் ஒரு நகரத்தின் விடுதிகளையும் உணவகங்களையும் நிரப்பியவர்களுக்கு, அந்த நகரத்தின் கட்டடத் திட்டத்தில் செல்வாக்கு இல்லாமல் போனது. வருகையாளர் பட்டியலைத் தவிரச் சொத்தில்லாத அமைப்பின் பலவீனம் இது.

2020இல் கொரோனாவால் மாநாடு நடக்கவில்லை. நிறுவனங்கள் நடத்தும் அனிமே கண்காட்சிகள் நியூயார்க் போன்ற நகரங்களில் அதற்கு முன்பே வளரத் தொடங்கியிருந்தன. ஆனாலும் ஒட்டாகான் 2021இல் மீண்டும் கூடியது. 2022இல் வருகை 40,000ஐக் கடந்தது. முதல் கூட்டத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேல். வீட்டிலேயே எல்லாத் தொடரும் கிடைக்கும் காலத்தில் இத்தனை பேர் வருவது ஒருவரையொருவர் சந்திக்கத்தான்.

ஆனால் 40,000 பேரின் பாதுகாப்பு, தொந்தரவுப் புகார்களை விசாரிப்பது, மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி ஆகியவை ஆர்வம் மட்டும் இருந்தால் செய்யக்கூடியவை அல்ல. பயிற்சி வேண்டும், ஆண்டுதோறும் அதே ஆள் தொடர வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் அனிமே எக்ஸ்போவை நடத்துவதும் இலாப நோக்கற்ற அமைப்புதான். அங்கே சம்பளப் பணியாளர்கள் உண்டு. ஒட்டாகானும் நிகழ்ச்சித் தேர்வையும் விருந்தினர் தேர்வையும் ரசிகர்களிடமே வைத்துக்கொண்டு, பாதுகாப்புக்கும் புகார் விசாரணைக்குமாவது சில முழுநேர ஊழியர்களை அமர்த்தலாம். அதற்காகக் கட்டணம் கொஞ்சம் உயர்ந்தால், அந்தக் கூடுதல் செலவு நியாயமானதே.