கேட்டமரான்: கட்டும் இல்லை, மரமும் இல்லை

ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்கள் என்று ஒரு பட்டியல் நம்மிடம் எப்போதும் தயாராக இருக்கிறது. சுருட்டு, மிளகுத்தண்ணி, பந்தல், அப்புறம் கட்டுமரம். மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். அந்தச் சொல் போன இடத்தில் அதற்கு என்ன ஆச்சு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இன்று ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்றால் மனசில் எழும் சித்திரம் வேறு: ஒல்லியான இரண்டு உடல்கள், நடுவே ஒரு தளம், வெள்ளைப் பாய், வெயில் காய்கிற பணக்காரர்கள். அதில் கட்டும் இல்லை, மரமும் இல்லை. குறிப்பான் கப்பலேறிப் போய்விட்டது. குறிப்பீடு இங்கேயே மணலில் கிடக்கிறது. இந்த இடைவெளி எப்படி உண்டானது என்பதைத்தான் பேச நினைக்கிறேன். இதை வெறும் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. யார் எங்கே நின்றுகொண்டு யாரைப் பார்த்தார்கள் என்ற விவகாரம் இதில் இருக்கிறது.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். தமிழில் கலம் என்றால் பாத்திரம், கப்பலும் கலம்தான். ஆங்கிலத்தின் 'வெசல்' என்ற சொல்லும் இப்படியே இரண்டையும் குறிக்கிறது. ஆக, கலம் என்ற கருத்துக்கு ஓர் உள் வேண்டும், தண்ணீரை வெளியே நிறுத்தும் சுவர் வேண்டும். கட்டுமரத்துக்கு உள் கிடையாது. மரத்தின் மேல்தான் ஆள் இருக்கிறான். அலை வந்து மரங்களின் இடுக்கு வழியே ஏறி, அந்த வழியே இறங்கிப்போகும். மொண்டு ஊற்ற வேண்டியதில்லை. நிறைந்து மூழ்கவும் வழியில்லை. சோழமண்டலக் கரை மாதிரி, அலை நேராக மணலில் வந்து உடைகிற இடத்தில் இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு சிரமம்தான்.

ஆனால் மரம் தண்ணீர் குடிக்கும். குடித்தால் கனக்கும். அதனால் கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைப் பிரித்துக் காயவைக்கிறார்கள். மறுபடி கடலுக்குப் போகும்போது மறுபடி கட்டுகிறார்கள். இங்கே நம் இலக்கணம் ஒரு உதவி செய்கிறது. கட்டுமரம் என்பதை வினைத்தொகையாக வாசித்துப் பாருங்கள், ஊறுகாய், சுடுசோறு மாதிரி. கட்டிய மரம், கட்டுகிற மரம், கட்டப்போகும் மரம் எல்லாம் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. ஆங்கில அகராதிகள் இதற்குத் தரும் பொருள் 'கட்டப்பட்ட மரம்'. இறந்தகாலம் மட்டும் போயிருக்கிறது. அன்றாடம் கட்டி அவிழ்க்கிற கை அந்த விளக்கத்தில் இல்லை. (கட்டவிழ்ப்பு, கட்டுடைப்பு என்று நாம் தெரிதாவுக்குத் தமிழ் தேடி மல்லுக்கட்டியபோது யாராவது கடற்கரைக்குப் போய்ப் பார்த்திருக்கலாம்.)

ஐரோப்பியர் எழுத்தில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு முன்பே வந்துவிட்டது. வெனிஸ்காரரான காஸ்பாரோ பால்பி 1580களில் இந்தப் பக்கம் வந்து போனவர். 'கத்தமெரோனி' என்று எழுதிவைத்தார். அவரிடம் ஒரு கவனம் இருந்தது. ஏழு மரங்கள், அடியில் ஐந்து, நடுமரம் நீளமாய் நீண்டு தண்ணீரைக் கிழிக்கிறது, ஆள் உட்காரும் பின்புறம் தண்ணீருக்குள் இருக்கிறது என்று எண்ணி எழுதியிருக்கிறார். 1673இல் வந்த ஜான் ஃபிரையரும், 1697இல் உலகப் பயண நூலை வெளியிட்ட டாம்பியரும் போகிறபோக்கில் பார்த்தவர்கள். டாம்பியருக்கு இது உலகெங்கும் உள்ள மரத்துண்டு மிதவைகளில் ஒன்று. சோழமண்டலத்தில் இப்படிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

கப்பல்தளத்தில் நின்று கீழே பார்க்கிறவனின் பார்வை இது. வேடிக்கை என்னவென்றால் அந்தக் கப்பல் கீழே மிதந்தவனை நம்பித்தான் நின்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சென்னைக்கு முறையான துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிடும். ஆளையும் சரக்கையும் மசூலாப் படகுகள் கரை சேர்க்கும். மசூலாவும் இறங்க அஞ்சுகிற அலையில் கட்டுமரக்காரன் போவான், தலையில் ஓலைத்தொப்பி, தொப்பிக்குள் நனையாமல் கம்பெனிக் கடிதங்கள். ஒரு பேரரசின் தபால் அவன் தலையில் போனது. ஆனாலும் ஆங்கிலேயரின் படங்களில் அவன் ஒரு விநோதக் காட்சிதான்.

அதற்குப் பிறகு அந்தச் சொல் பட்டபாடு. 1804இல் நெப்போலியனின் படகுகளை அழிக்க அமெரிக்கரான ராபர்ட் ஃபுல்டன் பிரிட்டிஷ் கடற்படைக்கு வெடிமருந்துப் பெட்டிகள் செய்து கொடுத்தார். காரீயம் பதித்து, தண்ணீர் மட்டத்தில் மிதக்கவிட்டவை. அவற்றுக்கு வைத்த பெயர் கேட்டமரான். பூலோன் துறைமுகத்தில் அக்டோபரில் நடந்த தாக்குதலில் பெரிதாக ஒன்றும் கிழியவில்லை. 1811இல் வந்த லண்டன் கொச்சைமொழி அகராதியில் அதே சொல்லுக்கு இன்னொரு பொருள்: எலும்பும் தோலுமான கிழவி. பிறகு சண்டைக்காரப் பெண்ணுக்கும் வசையாக அது ஓடியது. கப்பற்காரர்கள் வாயிலிருந்து தெருவுக்கு வந்த சொல் இப்படித்தான் ஆகும் என்று சும்மா விட்டுவிட முடியவில்லை. ஆங்கிலத்தில் மீன்காரி என்பதும் வசை, லண்டன் மீன் சந்தையான பில்லிங்ஸ்கேட்டின் பெயரும் கெட்ட வாய்க்கு அடையாளம். நம்ம வீட்டில் 'மீன்காரி மாதிரி கத்தாதே' என்கிறோமே, அது என்ன? கடல்தொழிலையும் பெண்ணின் குரலையும் ஒரே மூச்சில் இழிவாக்குவதில் லண்டனுக்கும் நமக்கும் தூரம் அதிகமில்லை. நம்மிடம் சாதியும் சேர்ந்துகொள்கிறது.

இப்போதைய பொருள் நிலைபெற்றதில் ஒரு பந்தயத்துக்குப் பங்கு உண்டு. 1876இல் நியூயார்க்கில் நத்தானியல் ஹெரெஷாஃப் என்பவரின் 'அமரிலிஸ்' மற்ற பாய்ப்படகுகளையெல்லாம் முந்தியது. இரட்டை உடல் கொண்ட படகு அது. தோற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். மறுவருஷம் அவர் காப்புரிமை வாங்கினார். அந்த வகைக்குக் கேட்டமரான் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் இரட்டை உடல் என்ற கருத்து பாலினீசியர்களுடையது. ஹவாயில் வஆ கவுலுவா, ஃபிஜியில் துருவா என்று அவரவருக்குப் பெயர் உண்டு. தென்னை நாரால் பிணைத்த கலங்களில் பசிபிக் முழுக்கப் போய்க் குடியேறிய ஜனங்கள் அவர்கள். 1976இல் 'ஹோக்குலேஆ' கருவிகளே இல்லாமல் ஹவாயிலிருந்து டஹிட்டி போய்ச் சேர்ந்தபோது, சதவால் தீவுக்காரரான மவு பியாயிலுக் நட்சத்திரத்தையும் அலையையும் பார்த்தே வழி சொன்னார். இந்த ஜனங்களின் கலத்துக்கு வெள்ளைக்காரன் தமிழனின் பெயரை வைத்தான். பொருள் அவர்களுடையது, பெயர் நம்முடையது, காப்புரிமை அமெரிக்கனுடையது. ஒரே சொல்லால் இரண்டு கடற்கரைகள் அழிக்கப்பட்டிருக்கின்றன.

இது தெரியாமல்தான் நம் பெருமைப் பேச்சு நடக்கிறது. உலகின் சொகுசுப் படகுகளெல்லாம் தமிழன் கண்டுபிடிப்பு என்கிறார்கள். ராஜேந்திரன் கட்டுமரத்தில் போய்க் கடாரத்தை வென்றான் என்றும் சிலர் எழுதுகிறார்கள். ஒரு படையைக் கட்டுமரத்தில் ஏற்றிவிட முடியும் என்று நம்ப, கட்டுமரத்தைக் கண்ணால் பார்க்காதவராக இருக்க வேண்டும். சங்கப் பாட்டிலேயே நாவாய், வங்கம், அம்பி, திமில், பஃறி என்று வேலைக்குத் தக்க பெயர்கள் இருக்கின்றன. எதற்கு எது என்பதில் அவர்களுக்குக் குழப்பமில்லை. சோழன் பெயரால் சொல்லை மீட்கிற இந்தச் சொல்லாடல் பாலினீசியர்களிடமிருந்து கலத்தையும், மீனவர்களிடமிருந்து பெயரையும் எடுத்து ராஜாவிடம் கொடுக்கிறது.

கருணாநிதியின் உருவகம் எல்லோருக்கும் தெரியும்: தன்னைக் கடலில் தூக்கிப் போட்டாலும் கட்டுமரமாக மிதப்பேன், அதில் ஏறி மக்கள் பயணம் போகலாம் என்பார். எதிராளிகள் பிறகு அந்தச் சொல்லையே அவருக்குக் கேலிப்பெயராக்கினார்கள். உருவகம் அழகுதான். ஆனால் கட்டுமரத்தில் பயணி கிடையாது. ஏறினவன் துடுப்புப் போட வேண்டும், வலை இழுக்க வேண்டும், இடுப்புக்குக் கீழே எந்நேரமும் நனைந்துகொண்டிருக்க வேண்டும். தலைவர் மிதக்க ஜனங்கள் சவாரி போகிற சித்திரம் திராவிட மேடையின் கற்பனை. போற்றியவர்களும் சரி, கேலி செய்தவர்களும் சரி, உழைக்கிறவனை அதில் வைக்கவில்லை.

அதற்காகக் கட்டுமரத்தைப் புனிதப்படுத்தவும் நான் தயாரில்லை. உடம்பை உடைக்கிற தொழில் அது. வேறு வழி கிடைத்தால் இளைஞர்கள் மாறத்தான் செய்வார்கள், மாறவும் வேண்டும். ஆனால் மாற்றத்தின் கணக்கைப் பார்க்கணும். 1950களிலிருந்து அரசு விசைப்படகுக்குக் கை கொடுத்தது. இழுவைமடி கரைக்கடலை வாரியது. வல்லத்துக்கும் லாஞ்சுக்கும் நடந்த சண்டையை வண்ணநிலவன் 1977இலேயே 'கடல்புரத்தில்' நாவலாக்கிவிட்டார். 1983இல் வந்த தமிழ்நாடு சட்டம் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக்கூடாது என்றது. மீறல் பற்றிய புகார்கள் நிற்கவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் வந்து குவிந்தன. வேகம் உண்டு, உடம்புக்குச் சுகம் உண்டு. கூடவே எஞ்சின் உண்டு, எண்ணெய்ச் செலவு உண்டு, வியாபாரியிடம் வாங்குகிற முன்பணமும் உண்டு. கட்டுமரக்காரன் கயிறும் மரமும் தன்னிடம் உள்ளவன். அவன் மீனை யாருக்கு விற்பது என்பதை முன்கூட்டியே கடன் தீர்மானிப்பது இந்த அளவுக்கு இல்லை.

2012இல் இந்தியக் கடற்படையில் 'மகர்' என்றொரு அளவாய்வுக் கப்பல் சேர்ந்தது. இரட்டை உடல் கொண்டது, கேட்டமரான் வகை. தமிழில் இப்போது இது இரண்டு சொல். மணலில் கிடந்தால் கட்டுமரம், கடற்படையிலோ உல்லாச விடுதியிலோ இருந்தால் கேட்டமரான். அணியத்தில் வளைந்து நிற்கும் துண்டுக்கும், குறுக்குக் கட்டைக்கும், கட்டுகிற கயிற்றுக்கும், ஒவ்வொரு முடிச்சுக்கும் பெயர்கள் இருக்கின்றன. அவை கிழவர்கள் வாயில் இருக்கின்றன. அவற்றில் எதுவும் ஆங்கிலத்துக்குப் போகவில்லை, நம் அகராதிகளுக்கும் அதிகம் வரவில்லை.