ஆற்காட்டு மக்கன் பேடா

குலாப் ஜாமூன்தானே என்று நினைத்து வாயில் போடுபவர்கள் முதல் கடியிலேயே நின்றுவிடுவார்கள். உருண்டையாக இல்லாமல் சற்றே தட்டையாக, அழுந்தச் சிவந்து ஜீராவில் மிதக்கும் பேடாவின் நடுவில் பொடியாக நறுக்கிய முந்திரி, பாதாம், பிஸ்தா, உலர்ந்த திராட்சை, கூடவே வெள்ளரி விதை. நவாபு காலத்துப் பலகாரம் என்பார்கள். இருக்கலாம், இந்தத் தாராளம் அரண்மனைக்காரர்களுக்கே வரும்.

எனக்குப் பிடித்தது அந்தத் தட்டை வடிவம்தான். கோவாவையும் மைதாவையும் பிசைந்து, உள்ளே பருப்பை வைத்து மூடி, உள்ளங்கையால் லேசாக அமுக்குகிறார்கள். அடுப்பைத் தணித்து, நிதானமாகப் பொரிக்க வேண்டும். அவசரப்பட்டால் மேலே கருகி, உள்ளே மாவாகவே நிற்கும். சரியாக வெந்ததை ஸ்பூனால் வெட்டினால் விளிம்பு நொறுங்காது, குழையவும் குழையாது. ஜீரா நடுவரை இறங்கியிருக்கும், பருப்பு மட்டும் கறுக்கென்று கடிபடும்.

ஆற்காட்டுக்கு வருகிறவர்கள் 1751 முற்றுகையில் கிளைவ் தாக்குப்பிடித்த கோட்டையைத் தேடுவார்கள். பாலாற்றங்கரையில் டெல்லி கேட் மிஞ்சியிருக்கிறது; நின்று பார்க்க வேண்டிய கட்டடம்தான். பார்த்துவிட்டுக் கடைவீதிக்கு வாருங்கள். பார்சல் பிறகு கட்டிக்கொள்ளலாம், முதலில் சூடாக ஒன்று. ஃபிரிட்ஜில் வைத்துச் சில்லென்று சாப்பிடும் கட்சியோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.