லேபிள் யாருடையது?

2023இல் ஹிப்ஹாப் தமிழா ஆதி முனைவர் பட்டம் வாங்கினார். பாரதியார் பல்கலைக்கழகம், பாடம் இசைத் தொழில்முனைவு. அன்றைக்கு மீம் போட்டுச் சிரித்த கூட்டத்தில் யாரும் யோசிக்காத ஒன்று, அந்தத் தலைப்புதான் அவருடைய மொத்த வாழ்க்கைக்குமான தலைப்பு என்பது. ஆதியைப் பாடகர், இசையமைப்பாளர், நடிகர் என்று பிரித்துப் பிரித்து விமர்சனம் எழுதுகிறோம். எனக்கென்னவோ அவர் முதலாளி, மற்றதெல்லாம் அதற்குள் அடக்கம் என்றே படுகிறது. இதைத் திட்டாகச் சொல்லவில்லை.

காரியாபட்டிப் பக்கம் 'லேபிள்' என்றால் தீப்பெட்டி மேல ஒட்டுற தாள். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதை சிவகாசிச் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். குச்சி அடுக்குகிற கை ஒன்று, பெட்டி ஒட்டுகிற கை ஒன்று. ஆனால் பொருள் விற்பது லேபிளில் இருக்கிற படத்தின் பேரில். இசைத் தொழிலிலும் அதே வார்த்தை, அதே கணக்கு. பாட்டு எழுதுகிறவன் குச்சி அடுக்குகிறான். ஒலிப்பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவன்தான் லேபிள்காரன்.

இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டவர்கள் ராப்பர்கள். எந்தக் கம்பெனியும் எடுத்துக்கொள்ளாததால் ஜே-ஸீ நண்பர்களோடு சேர்ந்து ராக்-எ-ஃபெல்லா என்ற சொந்த லேபிளைத் தொடங்கினார். 2004 கடைசியில் டெஃப் ஜாம் நிறுவனத்துக்கே தலைவரானார். மும்பையில் டிவைன் 2019இல் கல்லி கேங் ஆரம்பித்தார். நம்ம ஊரில் இதற்கெல்லாம் முன்னால் மலேசியாவின் யோகி பி இருக்கிறார். 2006இல் நட்சத்திராவோடு 'வல்லவன்' ஆல்பம் வந்தபோது தமிழில் ராப் செய்ய முடியும் என்பதே செய்தி. ஆனால் தமிழ்நாட்டில் அது பெரிய தொழிலாக மாறவில்லை. இங்கே சினிமாதான் ஒரே சந்தை.

அந்தச் சந்தைக்குள் வெளியிலிருந்து நுழைந்தவர் ஆதி. கோயம்புத்தூர்ப் பையன், கூட்டாளி ஜீவா. 2011இல் யூடியூபில் 'கிளப்புல மப்புல' வெடித்தது. அடுத்து 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம். 2015இல் 'ஆம்பள', அதே வருஷம் 'தனி ஒருவன்'. 2017இல் தன் கதையையே 'மீசைய முறுக்கு' என்று படமாக்கி, எழுதி இயக்கி நடித்தார். சொந்தக் கதையைப் பாட்டில் சொல்வது ராப்பரின் வழக்கம். அதற்கு டிக்கெட் போட்டு விற்றது ஆதியின் கணக்கு.

பிரச்சினை பாட்டில்தான் இருக்கிறது. 'கிளப்புல மப்புல' யாரைத் திட்டியது? மது விற்கிறவனை இல்லை, குடிக்கிற பெண்ணை. எதிர்த்துப் பேசுகிற தொனி இருக்கு, எதிரே நிக்கிறது மட்டும் பலமில்லாத ஆள். ராப்பின் கோபத்தை எடுத்துக்கொண்டு, ஊர்ப் பெரிசுகள் ஏற்கெனவே திண்ணையில் சொல்லிக்கொண்டிருந்ததையே அவர் தாளத்தில் சொன்னார். அதனால்தான் அது அவ்வளவு வேகமாகப் பரவியது என்று நினைக்கிறேன். யாருக்கும் அது சங்கடம் தரவில்லை. சங்கடப்பட்டவர்கள் பெண்கள் மட்டும்.

ஜல்லிக்கட்டிலும் இதே கதை. 2016இல் 'டக்கரு டக்கரு' வந்தது. நல்ல பாட்டு, இன்றைக்கும் சொல்வேன். அடுத்த ஜனவரியில் மெரினா நிறைந்தபோது அவர் அந்தக் கூட்டத்தின் குரலாகவே இருந்தார். கோஷங்கள் காளையைத் தாண்டி அரசாங்கத்தின் பக்கம் திரும்பியதும், போராட்டம் முடியும் முன்பே வீடியோ போட்டு விலகினார். துரோகம் என்று அப்போது பலர் கத்தினார்கள். எனக்கு அது துரோகமாகப் படவில்லை. 'தமிழன்' என்பது எல்லாப் பெட்டியிலும் ஒட்டக்கூடிய லேபிள். அதில் சாதி கிடையாது, நிலம் கிடையாது, கட்சி கிடையாது. அதற்குள் குறிப்பிட்ட ஓர் எதிரியின் பெயர் வந்துவிட்டால் சந்தை பாதியாகிவிடும். பிராண்டைப் பார்த்துக்கொள்கிற எந்த முதலாளியும் அப்படித்தான் செய்வார்.

இதற்கு நேர் எதிரே அறிவு. அரக்கோணத்துக்காரர், 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியதிலிருந்து பெயர் சொல்லிப் பேசுகிறவர். 2021இல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' அவர் பாட்டி வள்ளியம்மாளின் தேயிலைத் தோட்ட நினைவிலிருந்து வருகிறது. நிலமில்லாதவர்களின் பாட்டு. அந்தப் பாட்டே யாருக்குச் சொந்தம் என்பதுதான் பிறகு வழக்காடப்பட்டது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியாவின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. 2022 செஸ் ஒலிம்பியாட் தொடக்க மேடையிலும் அறிவு இல்லை. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று வீடியோ போட்டார். மாஜ்ஜா என்ற அந்த லேபிள் சுயாதீனக் கலைஞர்களுக்காகவே தொடங்கப்பட்டது என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

2012 பதிப்புரிமைத் திருத்தம் வந்த பிறகு, பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டி உரிமையை மொத்தமாக எழுதிக்கொடுத்துவிட முடியாது. நல்ல சட்டம். ஆனால் ஒலிப்பதிவு என்கிற அந்தப் பொருள், அதாவது மாஸ்டர், அது இன்னமும் ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான். காரியாபட்டியில் போனிலேயே பீட் போட்டு, போர்வைக்குள்ள உக்காந்து ரெக்கார்ட் பண்ற பையன் அறிவு மாதிரி எழுதணும்னு ஆசைப்படுகிறான். சரிதான். ஒப்பந்தத்தைப் படிக்கும்போது மட்டும் ஆதி மாதிரி படிக்கணும். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்க முடியாதுன்னு யாரும் சொல்லலை, தமிழில் நான் இன்னும் பார்க்கலை, அவ்வளவுதான்.

சொந்தமாக வைத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. 'தனி ஒருவ'னில் ஆதிக்கு மேலே மோகன் ராஜா என்று ஓர் இயக்குநர் இருந்தார். பின்னணி இசை எங்கே அடங்க வேண்டும் என்று அந்தப் படத்துக்குத் தெரியும். 2024இல் வந்த 'கடைசி உலகப் போ'ரில் இயக்கம், நடிப்பு, இசை, தயாரிப்பு நாலும் ஒரே பெயர். பட்ஜெட்டுக்கு மீறிய கற்பனை, அதற்காகப் பாராட்டலாம். ஆனால் காட்சிக்குக் காட்சி கதாபாத்திரங்கள் நமக்குப் பாடம் எடுக்கின்றன. 'தம்பி, இந்த வசனம் வேணாம், முன்னாடியே புரிஞ்சிருச்சு' என்று சொல்ல அந்த செட்டில் சம்பளத்துக்கு ஒரு ஆள்கூட இல்லை.