ஒலிவாங்கியும் தமிழ்க் குரலும்

தமிழில் நல்ல குரல் எது என்பதற்கு இருபதாம் நூற்றாண்டில் இரண்டு அளவுகோல்கள் இருந்தன. குரல் எவ்வளவு தூரம் போகிறது என்பது ஒன்று. எவ்வளவு அருகில் வருகிறது என்பது மற்றொன்று. முதலாவது நாடகக் கொட்டகையில் வளர்ந்தது. இரண்டாவது, பேச்சுவழக்கில் மைக் எனப்படும் ஒலிவாங்கியோடு வந்தது.

பழைய இசைத்தட்டைக் கேட்கும் இளைஞர் ‘கத்துகிறார்’ என்கிறார். புதிய பாடலைக் கேட்கும் முதியவர் ‘முணுமுணுக்கிறார்’ என்கிறார். இரண்டு தீர்ப்புகளும் ஒரே பிழையைச் செய்கின்றன. ஒரு காலத்துக் குரலை இன்னொரு காலத்தின் அளவுகோலால் அளக்கின்றன. இந்த இரண்டுக்கும் பொதுவான ஓர் அளவுகோல் உண்டு. சொல் கேட்பவரிடம் முழுமையாகப் போய்ச் சேர்ந்ததா என்பதே அது. அதை வைத்துப் பார்த்தால் ஒலிவாங்கி தமிழ்க் குரலின் பொறுப்பைக் குறைக்கவில்லை, கூட்டியிருக்கிறது என்பது விளங்கும்.

ஒலிவாங்கி இல்லாத மேடை

1908-இல் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் பொதுக்கூட்டங்களில் பேசியபோது ஒலிபெருக்கி வழக்கில் இல்லை. பேசுபவரின் நெஞ்சும் தொண்டையுமே கருவி. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) நாடகங்களை எழுதி நடிகர்களைப் பயிற்றுவித்த காலத்துக் கொட்டகைகளிலும் இதே நிலைதான். இரவு முழுவதும் நாடகம். தரையில் அமர்ந்த கூட்டம், அழும் குழந்தை, நடுவில் தின்பண்டம் விற்பவர். இத்தனையையும் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அது பாட்டு.

அந்த மேடையில் குரலின் உயரத்தைக் ‘கட்டை’ என்று அளந்தார்கள். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணிச் சுருதியைச் சொல்லும் வழக்கு இது. இன்றைய கர்நாடக இசை மேடையில் ஆண் பாடகர் பலர் ஒரு கட்டையை ஒட்டிப் பாடுகிறார்கள். நாடக மேடையின் புகழ்பெற்ற குரல்கள் அதைவிட மிகவும் உயர்ந்த சுருதியில் நின்றன. செங்கோட்டையில் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) அதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு.

உயர்ந்த சுருதி வெறும் ஆடம்பரம் அல்ல. மனிதச் செவி ஏறத்தாழ 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளை மிகக் கூர்மையாக உணர்கிறது. அழுத்தமான உச்சக் குரலின் மேலொலிகள் இந்த எல்லைக்குள் வலுவாக விழுகின்றன. கூட்டத்தின் இரைச்சலோ பெரும்பாலும் இதற்குக் கீழே தங்கிவிடுகிறது. கிட்டப்பாவின் குரல் கூட்டத்தைக் கடந்து சென்றதற்கு இந்த இயற்பியலும் ஒரு காரணம்.

உயிரும் மெய்யும்

இந்த மேடைக் குரலின் இயல்பைப் புரிந்துகொள்ளத் தமிழ் இலக்கணமே துணை செய்கிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு சேர்ந்து எழுத்தொலியாகிறது என்று சொல்கிறது. எட்டு இடங்களும் உடலுக்குள்ளேயே இருக்கின்றன.

ஒலியின் கால அளவையும் இலக்கணம் வகுத்திருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. உயிரெழுத்தை அளபெடுத்து மேலும் நீட்டலாம். மெய்களில் ங, ஞ, ண, ந, ம, ன, வ, ய, ல, ள ஆகிய பத்தும் ஆய்தமும் அளபெடுக்கும் என்று நன்னூல் வரையறுக்கிறது. அந்தப் பட்டியலில் வல்லினம் ஒன்றுகூட இல்லை. ‘க்’ என்றோ ‘ப்’ என்றோ உச்சரிக்கும்போது காற்று அடைபட்டுத் திறக்கிறது, அவ்வளவுதான். அதை நீட்டிப் பிடிக்க முடியாது.

ஆகவே தூரத்துக்குப் பாடுபவர் உயிரெழுத்தையே நம்பியாக வேண்டும். நீளக்கூடியது அதுதான், கடைசி வரிசை வரை ஓடக்கூடியதும் அதுதான். மெய்யெழுத்து வழியிலேயே தேய்ந்துவிடும். நல்ல நாடகப் பாடகர் இதை அறிந்திருந்தார். உயிரை நீட்டினார், மெய்யை வழக்கத்தைவிட அழுத்திச் சொன்னார். இன்று மிகையாகத் தோன்றும் அந்த அழுத்தம் அன்றைக்குத் தேவையாக இருந்தது.

இசைத்தட்டில் அடைபட்ட குரல்

1925 வரை இசைத்தட்டுப் பதிவில் மின்சாரம் இல்லை. பாடகர் ஒரு கூம்புக்குழலை நோக்கிப் பாட, அந்த அதிர்வே ஊசியை அசைத்துத் தட்டில் கீறியது. அதன்பின் ஒலிவாங்கியைக் கொண்டு மின்முறைப் பதிவு வந்தது. ஆனாலும் 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களை ஒட்டியே பதிக்க முடிந்தது. இரவு முழுவதும் விரிந்த கலை மூன்று நிமிடத்துக்குள் ஒடுங்கியது. பெரிய கொட்டகைக்குப் பழகிய குரல் சிறிய அறைக்குள் வந்தது. அந்தத் தட்டை இன்று கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டுக் ‘கத்தல்’ என்பது, தேர்ச் சக்கரத்தைத் திண்ணையில் வைத்து அளப்பதைப் போன்றது.

கே.பி. சுந்தராம்பாளின் (1908–1980) வாழ்க்கை இங்கே நல்ல சான்று. கொடுமுடியில் பிறந்து, நாடக மேடையில் வளர்ந்து, கிட்டப்பாவின் இணையாகப் புகழ் பெற்றவர். ‘நந்தனார்’ (1935), ‘ஔவையார்’ (1953), ‘பூம்புகார்’ (1964), ‘திருவிளையாடல்’ (1965) ஆகிய படங்களில் அவர் ஒலிவாங்கியின் முன் பாடினார். மேடைக் குரலை அவர் கைவிடவில்லை. ஆனால் ஒரு சொல்கூட மங்குவதில்லை. உச்சத்திலும் மெய்யெழுத்து தன் இடத்தில் நிற்கிறது. தூரமும் தெளிவும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதற்கு இந்தப் பதிவுகள் போதும்.

அருகில் வந்த குரல்

1931-இல் ‘காளிதாஸ்’ வெளியாகித் தமிழில் பேசும்படம் தொடங்கியது. முதலில் நடிப்பவரே பாடினார். எம்.கே. தியாகராஜ பாகவதரின் புகழ் அந்த முறையில் விளைந்தது. பின்னர் நடிப்பவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்ற பின்னணி முறை வந்து, 1950களில் வேரூன்றியது. அதோடு மேடை காணாத ஒரு குரல் வகை தோன்றியது. ஏ.எம். ராஜா, பி.பி. ஸ்ரீநிவாஸ் ஆகியோரின் மென்மையான குரல்கள் ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் மூன்றாவது வரிசையைக்கூடத் தாண்டியிருக்காது. ஒலிவாங்கியின் முன் அவை ஒருவர் காதில் மட்டும் சொல்வதைப் போன்ற நெருக்கத்தைத் தந்தன. மூச்சு கேட்டது. சொல்லின் ஓரத்தில் வரும் தயக்கம்கூடக் கேட்டது. இதை முணுமுணுப்பு என்று ஒதுக்குவது, தமிழ்ப் பாட்டில் நுழைந்த புதிய உணர்ச்சிப் பரப்பையே ஒதுக்குவதாகும்.

இந்தக் குரல்களில் பல, தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவை அல்ல. டி.எம். சௌந்தரராஜனின் தாய்மொழி சௌராஷ்டிரம். பி.பி. ஸ்ரீநிவாஸ், பி. சுசீலா ஆகியோரின் தாய்மொழி தெலுங்கு. ஆயினும் சுசீலாவின் ழகரத்தையும் சௌந்தரராஜனின் றகரத்தையும் ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்ல முடிகிறது. உச்சரிப்பு பயிற்சியால் வருவது, பிறப்பால் வருவதல்ல. தாய்மொழியில் பேசுபவர் அதைக் கவனிக்காமல் விடுவதற்கு இது ஒரு மறைமுகக் கண்டனமும் ஆகும்.

மேடைப் பேச்சிலும் அளவுகோல் மாறியது. சி.என். அண்ணாதுரையின் குரல் கரகரப்பானது. பழைய நாடகக் கொட்டகை அதை நல்ல குரல் என்று ஏற்றிருக்குமா என்பது ஐயமே. ஒலிபெருக்கி இருந்ததால் அவர் குரலை உயர்த்தும் வேலையைக் கருவியிடம் விட்டுவிட்டு, வாக்கியத்தின் அமைப்பிலும் நிறுத்தத்திலும் கவனம் செலுத்த முடிந்தது. கருவி மிச்சப்படுத்திய உழைப்பை அவர் சொல்லுக்குச் செலவிட்டார்.

வானொலியின் பாடம்

சென்னையில் ஒலிபரப்பு 1924-இல் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் என்ற ஆர்வலர் அமைப்பால் தொடங்கியது. 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. மெரினா கடற்கரை போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கி வைத்து மக்கள் கேட்டனர். அப்போதும் அது கூட்டத்துக்கான குரல்தான். 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939-இல் திருச்சிராப்பள்ளி நிலையமும் வந்தன. வானொலிப் பெட்டி வீடுகளுக்குள் நுழைய நுழைய, குரல் கூடத்தில் அமர்ந்த விருந்தாளியாயிற்று.

வானொலியில் முகம் இல்லை, கையசைவு இல்லை, எழுத்தும் இல்லை. கேட்பவர் ‘என்ன சொன்னீர்கள்?’ என்று திருப்பிக் கேட்க முடியாது. தமிழ் எழுத்துமுறை இந்தச் சுமையை இன்னும் கூட்டுகிறது. ‘பாடம்’, ‘பாரதி’ என்ற இரண்டு சொற்களும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன, ஒலியோ வேறு. எழுத்து சொல்லாததை வாசிப்பவரின் குரல் சொல்லியாக வேண்டும். பழக்கமில்லாத அயல்நாட்டுப் பெயர் வந்தால் அங்கேயே அந்த நொடியில் முடிவெடுக்க வேண்டும்.

டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயண்சுவாமி (மறைவு 2022) இந்தக் கடமையின் அடையாளமாக நினைக்கப்படுகிறார். அவருடைய வாசிப்பில் குரலின் இனிமையைவிட வாக்கியத்தின் பொருள் முன்னால் நின்றது. இலங்கை வானொலியில் திரைப்பாடல்களை அறிவித்த எஸ்.பி. மயில்வாகனன் வேறு வகை. அவர் நேயரோடு உரையாடினார். கடல் கடந்து தமிழ்நாட்டிலும் அவரைக் கேட்டார்கள். செய்தி வாசிப்பின் இறுக்கமும் பாடல் அறிவிப்பின் நெகிழ்ச்சியும் வெவ்வேறு நடைகள். ஆனால் இரண்டிலும் சொல் சிதையவில்லை.

ழகரமும் வட்டார வழக்கும்

உச்சரிப்பைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கை தேவை. தென் மாவட்டங்களில் ழகரம் பேச்சில் ளகரமாக ஒலிக்கிறது. வட பகுதியில் ‘வாழைப்பழம்’ பலர் வாயில் ‘வாயப்பயம்’ ஆகிறது. யாழ்ப்பாணப் பேச்சிலும் ழகரம் ளகரமாகிறது. இவை சோம்பலால் வந்த பிழைகள் அல்ல, பேச்சுமொழியின் வரலாறு. இவற்றைச் சுட்டி ஒரு மாணவரை வகுப்பில் சிரிப்புக்கு உள்ளாக்குவது, அவருடைய வாயை மூடுவதற்கு வழி. வாய் மூடிய மாணவருக்கு எந்த உச்சரிப்பும் வராது.

எனினும் வீட்டுப் பேச்சும் பொது வாசிப்பும் ஒன்றல்ல. வீட்டில் இடமும் சூழலும் பொருளை விளக்கிவிடும். ஒலிபரப்பில் ‘மழை’, ‘மலை’ என்ற வேறுபாட்டைக் குரல் மட்டுமே காட்ட முடியும். ‘பள்ளி’, ‘பல்லி’ என்பவையும் அப்படியே. ஆகவே எழுதியதைப் பலருக்காக வாசிப்பவர் எழுத்தின் ஒலி வேறுபாடுகளைக் காக்க வேண்டும் என்று கேட்பது நியாயம். வட்டாரத் தமிழில் நேயரோடு பேசுபவர் தன் ஊர் ஒலியைக் காக்க வேண்டும் என்பதும் அதே அளவு நியாயம். இரண்டையும் கேட்பதுதான் வானொலியின் நிறைவு.

மதிப்பீடு

தூரம் போக வேண்டியிருந்த காலத்தில் மெய்யெழுத்து தேய்ந்ததற்குக் காரணம் இருந்தது. இன்று காதுக்குள் செருகிய கருவியில் குரல் கேட்கிறது. பல்லின் மேல் நா படும் ஒலிகூடப் பதிவாகிறது. ஆகவே சாக்குச் சொல்ல இடமில்லை. ஆனால் இன்றைய ஒலிபரப்புகளில் பலவும் கருவி குரலின் ஓசையைப் பெருக்குவதால் சொல்லின் தெளிவையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று எண்ணுவதைப் போல் நடக்கின்றன. வாக்கியம் மூச்சு விடாமல் ஓடுகிறது. பாட்டின் சொல் வாத்தியங்களுக்கு அடியில் மூழ்குகிறது. சுருதி பிசகினால் திருத்தும் மென்பொருள் இருக்கிறது. ஆனால் சுருதியைத் திருத்துவதால் உச்சரிப்பு திருந்திவிடாது. எழுத்தைத் தானாக வாசிக்கும் இயந்திரக் குரலும் வந்துவிட்டது. ‘பா’ என்ற எழுத்தை எந்த ஒலியில் சொல்வது என்ற பழைய கேள்வி அதற்கும் காத்திருக்கிறது.

இந்தக் கருத்தை மாணவர்கள் தாமே சோதித்துப் பார்க்கலாம். நாளிதழின் ஒரு பத்தியை ஒருவர் கரும்பலகை அருகே நின்று வாசிக்க, கடைசி பெஞ்சில் இருப்பவர் கேட்டு எழுத வேண்டும். பிறகு அதே பத்தியை அருகில் அமர்ந்து மெல்லிய குரலில் வாசிக்க வேண்டும். எழுதியவற்றை ஒப்பிட்டால், தூரத்தில் எந்த எழுத்துகள் வழியில் தொலைந்தன, அருகில் எவை கவனக்குறைவால் தொலைந்தன என்பது தெரியும். முதல் பட்டியல் கிட்டப்பா காலத்துப் பாடகர் எதனோடு போராடினார் என்பதைக் காட்டும். இரண்டாவது பட்டியல் இன்று ஒலிவாங்கியின் முன் அமர்பவர் திருத்திக்கொள்ள வேண்டியதைக் காட்டும்.