சேவலைக் கூப்பிடத் தெரிந்தவர்கள்

வேட்டைக்குப் புதிதாக ஆசைப்படுகிறவர் முதலில் விசாரிப்பது துப்பாக்கியைப் பற்றி. மலேசியாவில் எங்கள் ரவாங், கோலசிலாங்கூர் வட்டாரத்தில் காட்டுக்கோழி பிடித்துப் பழகிய பெரியவர்களிடம் போனால், “சேவல் கூவுவதைக் கேட்டிருக்கிறாயா தம்பி?” என்பார்கள். மலாய்க்காரர், தெமுவான் பழங்குடியினர், தோட்டத் தமிழர், வெள்ளைக்காரத் துரைமார் என இங்கே நான்கு வழிகள் இருந்தன. ஆயுதம் ஆளுக்கு ஒன்று. ஆனால் காடு தெரிந்தவனா இல்லையா என்பதைக் காதை வைத்துத்தான் முடிவு செய்தார்கள்.

காட்டுச் சேவலின் கூவல் நாட்டுச் சேவலைப் போல இழுபடாது. கடைசியில் சட்டென்று அறுந்துவிடும். கால் ஈயச் சாம்பல் நிறம். வால் தாழ்ந்திருக்கும், அதன் அடியில் வெள்ளைத் திட்டு. இணைகூடும் காலம் முடிந்ததும் பொன்னிறக் கழுத்திறகை உதிர்த்துவிட்டு, சில மாதம் கறுத்த குட்டை இறகோடு சத்தமில்லாமல் திரியும். லயத்துக் கோழியோடு கலந்து பிறந்த சேவல் இப்படி ஒழுங்காக உதிர்ப்பதில்லை. மஞ்சள் கால் தெரிந்தாலும் கலப்பு என்று ஒதுக்கிவிடுவார்கள்.

அந்த மஞ்சளுக்கு ஒரு கதை உண்டு. தமிழ்நாட்டு மலைகளில் இருப்பது சாம்பல் காட்டுக்கோழி. குறுந்தொகையில் வரும் கானங்கோழி அதுவாகத்தான் இருக்க வேண்டும். கப்பலேறி வந்த நம் முன்னோர் இங்கே கண்டதோ சிவப்புக் காட்டுக்கோழி, வீட்டுக் கோழிகளின் மூதாதை. ஆனால் வீட்டுக் கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல் கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் வீட்டுக் குழம்பில் இரண்டு நாட்டுக் காடும் கொதிக்கிறது!

நான்கு வழிகளில் மலாய்க்காரர் வழிக்கே முதலிடம் கொடுப்பேன். ‘டெனாக்’ என்பது பழக்கிய சேவல். அதைக் காட்டோரத்தில் முளையடித்துக் காலில் கட்டுவார்கள். சுற்றிலும் ‘ராச்சிக்’, அதாவது குச்சிகளில் வரிசையாகக் கட்டிய சுருக்குகள். டெனாக் கூவும். அந்த இடத்துக்குச் சொந்தம் கொண்டாடும் காட்டுச் சேவல் பதில் கூவும். பிறகு சண்டைக்கு வந்து சுருக்கில் மாட்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஆளைக் கண்டு மிரளாத, கட்டிப்போட்டாலும் வாய் மூடாத டெனாக் அமைவது அபூர்வம். அதை வளர்க்கும் பொறுமையில்தான் அந்தக் கலை முழுவதும் இருக்கிறது.

வரிக்காடை பிடிக்கும் ‘ஜெபாக்’ கூண்டு இன்னும் நுட்பம். அதற்குள் இருப்பது பெட்டைக் காடை. இந்த இனத்தில் கூவுவதும் எல்லைக்குச் சண்டை போடுவதும் பெட்டைதான், அடைகாப்பது ஆண். அதனால் வந்து மாட்டுவதும் பெட்டையே. சிலாங்கூரில் அதிகாரியாக இருந்த ஸ்கீட் 1900இல் வெளியிட்ட ‘மலாய் மேஜிக்’ நூலில், மூங்கில் குழல் ஊதிக் காட்டுப்புறாவை அழைப்பதும் அதற்கான மந்திரங்களும் பதிவாகியிருக்கின்றன.

தெமுவான் மக்களின் ஊதுகுழலில் வெடிச்சத்தம் இல்லை; அம்பு நுனியில் ஈப்போ மரப்பால் விஷம். துரைமார் வழி நேர் எதிர். ஷாட்கன், நாய், வயல்வெளி உள்ளான் வேட்டை. அதைப் பற்றி எழுத எனக்கு அதிகமில்லை.

நம்மவர் வழி லாஸ்டிக் என்கிற கவணும் கண்ணியும் நாயும். 1917இல் பிரெஞ்சுத் தோட்டக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே கோலசிலாங்கூர்த் தென்னமரம் தோட்டத்தில் வணிகத்துக்காக நட்ட செம்பனை, பின்னால் பால்மரக் காடுகளையெல்லாம் பிடித்துக்கொண்டது. காட்டுக்கோழிக்கு அதனால் நட்டமில்லை. குலை வெட்டிய இடத்தில் சிந்திய உதிரிப்பழம், அடுக்கிய மட்டைக்கு அடியில் கறையான். சம்பளத்துக்கும் சம்பளத்துக்கும் நடுவே கறிக்கு வழி தேடியவன் மட்டை வரிசையின் சந்தில் கண்ணி வைத்தான். கிளறிய மண் ஈரமா, எச்சம் புதுசா என்று பார்த்து வைத்தவன் கெட்டிக்காரன். நூல் கண்ணி இருந்தவரை அதற்கும் ஒரு தரம் இருந்தது. மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பி வந்தபின் அந்தத் தரம் போய்விட்டது. வைத்துவிட்டு மறந்த கம்பியில் சருகுமான் மாட்டும், எறும்புத்தின்னி மாட்டும், பக்கத்து வீட்டு நாயும் மாட்டும். அதை வேட்டை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சட்டமும் அதை ஒத்துக்கொள்வதில்லை. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் காட்டுக்கோழி பிடிப்பது குற்றம். சுட்டாலும் சரி, டெனாக் வைத்துப் பிடித்தாலும் சரி, அது பொருந்தும். விலங்கு பிடிக்கும் கம்பிக் கண்ணியை வைப்பது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதும் குற்றம். துப்பாக்கிக்கு 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் போலீஸ் உரிமம் தனி. தோட்டத்துக்குள் போக நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும்.

ஆகவே தொடங்க நினைக்கும் இளைஞர்கள் ஒரு பருவம் வெறுங்கையோடு விடியற்காலையில் செம்பனை ஓரம் நின்று பழகுங்கள். கலப்புச் சேவலையும் காட்டுச் சேவலையும் கூவலிலேயே பிரிக்க வந்தபிறகு, பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறை அலுவலகத்தில் எந்தப் பறவைக்கு, எந்த மாதத்தில், எந்த முறைக்கு உரிமம் தருகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுப் பின்கட்டில் பழைய கம்பிக் கண்ணி கிடந்தால் இன்றே வெட்டிப் போட்டுவிடுங்கள்.